தூங்குமூஞ்சி மரத்தை வெட்டச் சொன்ன அண்ணன்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. அவரை நினைத்து வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், ஒரே தங்கையாக நான் அறிந்ததை எழுதுகிறேன்.

பெரியபாளையத்துக்கு அருகே ஒரு சிற்றூரில், அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுவடைக்கும் போய்ப் பிழைத்த பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஐ.டி.ஐ. படிக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் சுமை தூக்கிக்கொண்டே படிப்பை முடித்து, அந்த ஊரிலேயே மின்வாரியத்தில் லைன்மேன் ஆனார். என் திருமணத்தை முடித்த பிறகுதான் அண்ணியைக் கைப்பிடித்தார்.

மின்கம்பியில் உரசும் கிளைகளை வெட்டுவதும் அவர் வேலை. ஒருநாள் ஸ்டேஷன் ரோட்டில் ஒரு வேம்பை வெட்டிக்கொண்டிருந்தபோது, கீழே ஓர் அம்மா வந்து நின்றார். ஊர்ச் சாலை மரங்களைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வக் குழுவை நடத்தும் மேரி டீச்சர் அவர்.

"இன்னா தம்பி, ஒரு பக்கமா மொட்டையடிச்சிக்கினு கீறீங்க?"

"கம்பில ஒரசுது மேடம். கரண்ட் போனா எங்களத்தான திட்டுவீங்க."

"வெட்ட வேணாம்னு சொல்லல. எங்க வெட்டணும்னு தெரிஞ்சிக்கினு வெட்டுங்க."

அன்றிரவு சாப்பிடும்போது அண்ணன் அண்ணியிடம், "அந்தம்மா சொன்னது கரெக்டுதான்" என்றாராம். அடுத்த ஞாயிறு காலை அந்தக் குழுவோடு போய் நின்றார்.

மரங்களில் அடித்த ஆணிகளைப் பிடுங்குவார்கள். அடிமரத்தை நெரிக்கும் இரும்புக் கூண்டுகளை அறுத்தெடுப்பார்கள். கோடையில் கன்றுகளுக்குக் கேனில் தண்ணீர் சுமப்பார்கள். உயரத்தில் ஏறும் வேலை எல்லாம் அண்ணனுக்கு. கிளையின் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டு, பிறகு மேலிருந்து அறுப்பார். அப்போதுதான் பட்டை உரியாது. அந்த முறையைத் தன்னோடு வேலை செய்த லைன்மேன்களுக்கும் பழக்கினார்.

பெண்கள் பள்ளிக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருந்தது. கடை கட்டுவதற்காக ஒருவர் வெட்டப் பார்த்த அதைக் குழுவினர் போராடிக் காப்பாற்றியிருந்தார்கள். ஒரு பெருமழைக்குப் பிறகு அண்ணன் அதன் அடியைக் கம்பியால் தட்டிப் பார்த்தார். உள்ளே பொந்து. அந்த ஞாயிறு, மரத்தை எடுத்துவிட வேண்டும் என்றார்.

குழுவில் மூத்தவர், ஒரு கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், கொதித்துப் போனார். "மரத்தக் காப்பாத்த வந்துட்டு வெட்டச் சொல்றியே. வெட்டுற புத்தி இன்னும் போவல உனக்கு."

அண்ணன், "கீழ பொண்ணுங்க நிக்கிதுங்கண்ணா. நாளைக்கு உயுந்தா நான் யாரு மூஞ்சில முயிப்பேன்?" என்றார்.

பாதிப் பேர் அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள். அவரோ விடுப்புப் போட்டுவிட்டு மனுவோடு அலுவலகம் அலுவலகமாக நடந்தார். பள்ளி விடுமுறையில் அனுமதி கிடைத்தது. கிளை கிளையாகக் கயிறு கட்டி அவரே இறக்கினார்.

அடிமரத்தை அறுத்தபோது உள்ளே ஓர் ஆள் உட்காரும் அளவுக்குக் குழி. சாலைப்பக்கம் நான்கு விரற்கடைக் கட்டைதான் மரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. அன்று கொதித்த பெரியவர் குழிக்குள் கைவிட்டுப் பார்த்தார். வந்து அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஊரே பாராட்டியது. அண்ணன் அன்று சாப்பிடவில்லை. "எத்தினி வருசமா நெழலு குடுத்துச்சி" என்று அண்ணியிடம் சொல்லி அழுதிருக்கிறார். அடுத்த வாரமே அங்கே இரண்டு புங்கன் கன்றுகளை நட்டார். இன்று அவற்றின் கீழே மாணவிகள் பேருந்துக்கு நிற்கிறார்கள்.

கடைசி மாதங்களில் சிறுநீரகம் பழுதாகி, டயாலிசிஸுக்குச் சென்னை போய்வந்தார். குழுவினர் முறைவைத்துக் காரில் அழைத்துப் போனார்கள். வலியைப் பற்றி அவர் பேசியதில்லை. ஒரு விடியலில் அண்ணி காபியோடு போனபோது உறக்கத்திலேயே அடங்கியிருந்தார்.

காரோட்டியவர்களுக்கும், கனிவாகக் கவனித்த செவிலியர்களுக்கும், இறுதிப் பயணத்தில் தோள் கொடுத்த அவருடைய லைன்மேன் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணியும் நானும் அந்தக் குழுவோடு போகிறோம். எங்களுக்கு மரம் ஏறத் தெரியாது. முதல் நாள் தயங்கி ஓரமாக நின்ற எங்களிடம், "வாங்கம்மா, இத்த புடிங்க" என்று ஆளுக்கொரு தண்ணீர்க் கேனைக் கொடுத்தார்கள். அதைக் கொடுத்த கைகளுக்குத் தனியாக ஒரு நன்றி.