கை வைக்கும் வீடு

மெல்பர்னில், கை வைத்தே நோயைக் குணமாக்குவதாகச் சொல்லும் ஒரு வெள்ளைக்கார மூதாட்டியின் வீட்டுக் கூடத்தில் காத்திருக்கிறோம். சக்கர நாற்காலியில் என் மகள். சிட்னி டாக்டர்கள் கைவிரித்துவிட்டதால் ரயிலேறி வந்திருக்கிறோம். ஐம்பது வயதுவரை கோயிலில்கூட நான் எதையும் வேண்டிக்கொண்டதில்லை.

பக்கத்தில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். அவர் தோளில் சாய்ந்து கணவர் தூங்குகிறார், எலும்பும் தோலுமாக.

"அடிக்கடி வருவீங்களா?"

"ஓம், கிழமைக்குக் கிழமை வாறனாங்கள்."

"அவருக்கு இப்போ தேவலையா?"

"இல்லை அண்ணை. ஆனா, இனி ஒண்டும் செய்யேலாது எண்டு இந்த மனுசி மட்டும்தான் இன்னும் சொல்லேல்லை."

உள்ளேயிருந்து எங்களைக் கூப்பிடுகிறார்கள். எழுந்து நாற்காலியைப் பிடிக்கிறேன், தள்ளாமல் நிற்கிறேன். மகள் என் கைமேல் தன் கையை வைக்கிறாள்.

"போலாம்பா. உங்களுக்காகத்தானே வந்தேன்."