சிவப்புக் காருக்கு அழுதவர்கள்

"அடடே, வாப்பா. சிவப்புக் காருக்காக இந்தத் தரையில உருண்டு அழுதவன்தானே நீ?"

பொம்மைக் கடைக்காரர் இதைச் சொல்லும்போது தலை நிமிர்வதில்லை. கோழி இறகுத் துடைப்பத்தால் மேசையைத் தட்டிக்கொண்டே சொல்கிறார். வாசலில் நிற்கும் வழுக்கைத் தலை ஆசாமி, இத்தனை வருடம் கழித்தும் நினைவு வைத்திருக்கிறாரே என்று கைக்குட்டையைத் தேடுகிறார். பத்து நிமிடத்தில் சிவப்புக் கார் பெட்டிக்குள் போகிறது.

நான் அங்கே நின்ற ஒரு பிற்பகலுக்குள் மூன்று பேர் அதே காருக்காக அதே தரையில் உருண்டு அழுதவர்களாகிவிட்டார்கள். மூன்றாமவர் ஒரு பெண். "நான் கல்யாணமாகித்தான் இந்த ஊருக்கே வந்தேன்" என்று முணுமுணுத்தார். ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தங்களுக்கும் குழந்தைப் பருவம் என்று ஒன்று இருந்ததற்குச் சாட்சி கிடைத்தால் போதும், இவர்கள் எதிலும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

சாவி கொடுத்தால் ஓடும் பொம்மைகளின் சாவியெல்லாம் அவர் இடுப்பு வளையத்தில் தொங்குகிறது. ஓடவிட்டுக் காட்டச் சொன்னால், "ஓடினா தேஞ்சு போயிடும்" என்பார். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது இந்தப் பாசமும் பூட்டித்தான் கிடந்தது. "கண்ணு எதுக்கு இருக்கு? பாரு. கையை மடக்கு." மீறி ஒரு விரல் நீண்டால் துடைப்பத்தின் பிரம்புக் காம்பு இறங்கும். இன்றைய பிள்ளைகளுக்கும் அதே காம்புதான். பாசமெல்லாம் பெரியவர்களுக்கு மட்டும்.

பின்னால் உட்கார்ந்து பெட்டிகளுக்கு நூல் கட்டும் அவர் மனைவியிடம், இத்தனை முகங்களை எப்படி நினைவு வைத்திருக்கிறார் என்று கேட்டேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"காலைல என்ன சாப்பிட்டார்னே அவருக்கு ஞாபகம் இல்லம்மா."

அதைக் கேட்ட பிறகும் நான் கிளம்பவில்லை. ஒன்பது வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்திருந்தேன். போன இடமெல்லாம் நான் யாரென்று கேட்டவர்கள்தான். யாராவது ஒருவர் கேட்காமல் சொல்லட்டும் என்றிருந்தது. பள்ளி விட்டதும் நாள் தவறாமல் இங்கே வந்து, ஒரு தகரத் தவளையின் முன்னால் நின்றவள் நான். கார் எனக்கு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. கூட்டம் கலையும்வரை காத்திருந்தேன்.

என் முறை வந்தது. "சிவப்புக் காருக்காக..." என்று ஆரம்பித்தார்.

"இல்லீங்க."

துளியும் அசரவில்லை. துடைப்பத்தோடு சேர்ந்து அவர் பார்வையும் அலமாரியை ஒரு மூலையிலிருந்து மேயத் தொடங்கியது. ரயிலா என்றார். கரடியா என்றார். "அப்ப சமையல் செட்டுதான். பொண்ணுங்க அதுக்குத்தான் ஊரைக் கூட்டுவாங்க." அதுவும் இல்லை என்றேன். அவர் முழங்கையருகில், பச்சை வெளுத்துப்போய், அதே தவளை உட்கார்ந்திருந்தது. இறகு அதன் முதுகைத் தடவிவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விட்டது. பொறுக்க முடியாமல் தவளையைக் காட்டக் கையை நீட்டினேன்.

"பந்தா?" என்று கேட்டபடியே, திரும்பிப் பாராமல், துடைப்பத்தை மாற்றிப் பிடித்துக் காம்பால் என் விரல் முட்டியில் ஒரு தட்டுத் தட்டினார்.