நாலாவது ஜோடி செருப்பு

சென்னைக்குப் பக்கத்து ஒரகடத்தில் ரூம் தேடுவதும் ஓர் உத்தியோகம்தான். அலைச்சல் உண்டு, அவமானம் உண்டு, சம்பளம்தான் கிடையாது. வெளியூரில் படித்துத் தவித்த சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா? கம்பெனிகள் மளமளவென்று முளைத்துக்கொண்டிருந்த காலம். என்னைப் பாலிடெக்னிக்கில் சேர்த்துவிட்டுத் திருநெல்வேலிக்குத் திரும்பும்போது அப்பா ஒரு குண்டைப் போட்டார். ஒரு மாதத்துக்குள் தங்க இடமும் பகுதிநேர வேலையும் பிடிக்காவிட்டால் படிப்பு போதும், மாமா கடையில் பொட்டலம் மடிக்க வேண்டியதுதானாம்.

பாய்க்கும் ஷிஃப்ட் உண்டு

"பேச்சலரா?" என்று கேட்டுப் பல கதவுகள் சாத்தப்பட்ட பிறகு, பக்கத்துக் கிராமமான வடக்குப்பட்டில் கோவில்பட்டிக்காரன் செல்வம் கிடைத்தான். கம்பெனி ஊழியர்கள் ஐந்து பேர், ஒரு அறை, மூன்று பாய். நைட் ஷிஃப்ட் மூவர் பகலில் தூங்குவார்கள், பகல் ஷிஃப்ட் இருவர் இரவில். இரவில் மிச்சமாகும் ஒரு பாய் எனக்கு! சந்தோஷத்தில் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டேன். மாடியிலிருந்து ஓனரம்மா இறங்கி வந்தார்.

"பாக்க வந்தவனா? பேசிட்டுக் கெளம்பு. மூணு பேர்தான்னு எங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்லிக்கீறேன். நாலாவது ஜோடி செருப்ப வாசல்ல பாத்தேன், அத்தினி பேரும் காலி!"

அன்றிலிருந்து என் செருப்பும், ஏற்கெனவே ஒளிந்திருந்த இருவர் செருப்போடு, கட்டிலில்லாத அந்த அறையின் மூலையில் குடியேறியது.

மீசை எங்கே?

ஷேர் ஆட்டோவில் ஒரு காலை மட்டும் உள்ளே வைத்துப் பயணம் செய்திருக்கிறீர்களா? நான் ஒரு வாரம் செய்தேன். பிறகு, நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கும் செல்வத்தின் யூனிஃபார்ம் சட்டையை மாட்டிக்கொண்டு, அடையாள அட்டையும் தொங்க, கம்பெனி பஸ்ஸில் ஜம்மென்று ஏறினேன். வழியில் காலேஜ் வாசலில் இறங்குவதாகத் திட்டம். அன்றைக்கென்று பஸ் எங்கும் நிற்காமல் நேரே கம்பெனிக்குள் போய்விட்டது. சூப்பர்வைசர் அட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"ராத்திரி பூரா வேலை பாத்துட்டு இப்பதானே போனே, செல்வம்? மீசைய எங்கப்பா வெச்சுட்டு வந்தே?"

பொழுதுபோக்கு

வேலையும் கிடைத்தது. ஒரு ஜெராக்ஸ் கடையில், சாயங்காலங்களில் பயோடேட்டா எழுதித் தருவது. தேனியிலிருந்து வந்த ஒரு பெண், ஏற்கெனவே ஒரு கம்பெனியில் இருப்பவள், அடுத்த கம்பெனிக்கு விண்ணப்பிக்க வந்தாள். எல்லாம் எழுதிவிட்டு, பொழுதுபோக்கு என்ன போடட்டும் என்றேன். ரொம்ப நேரம் யோசித்தாள்.

"ஓவர்டைம்னு போட்டுருங்கண்ணே."

அப்பா செய்த ஒழுங்கு

மாதக் கடைசி ஞாயிறு, சொன்னபடி அப்பா வந்துவிட்டார். எல்லோருக்கும் லீவு, உள்ளே கறிக்குழம்பு கொதித்தது. "வீட்டுக்குள்ளயாலே செருப்ப விடுதது?" என்று கோபித்தவர், யாரும் தடுப்பதற்குள் அத்தனையையும் அள்ளிக்கொண்டுபோய் வாசலில் வரிசையாக அடுக்கிவிட்டார். ஆறு ஜோடி, ஏழாவதாக அவருடையது. ஓனரம்மா மாடிப்படியில் நின்று செருப்புகளை எண்ணிக்கொண்டிருந்தார். மாமா கடைப் பொட்டலம் என் கண்ணில் தெரிந்தது, அழுகையே வந்துவிட்டது.

அப்பா என் முகத்தைப் பார்த்தார், உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த மற்ற ஐந்து முகங்களையும் பார்த்தார். "எல்லாம் எம் பிள்ளையளுதாம்மா. படிக்கவும் பொழைக்கவும் வந்துருக்கானுவ, இருந்துட்டுப் போறானுவ" என்றார்.

ஓனரம்மா எங்களை ஒரு சுற்று பார்த்தார்.

"ஆறும் ஒரே வயசுல கீது, பெத்த மகராசிக்குக் கோயில்தான் கட்டணும்! சரி சரி, செருப்பெல்லாம் உள்ள எடு, எங்க வூட்டுக்காரர் வர்ற நேரம்."

இன்று எனக்கென்று சொந்த வீடே இருக்கிறது, ஆனாலும் விருந்தாளி யார் வந்தாலும் என் கை முதலில் அவர் செருப்பைத்தான் உள்ளே எடுத்து வைக்கிறது.