வேதவல்லி ஓட்டிப் பார்த்த தொழிற்சாலை

தேனாம்பேட்டை ஆபீசுக்கு டெலிபோன் வந்தது. எடுத்துப் பேசிய அக்கவுண்டன்ட், "நம்ம வேதவல்லி அம்மா போயிட்டாங்களாம் சார்" என்றார். மஞ்சள் காமாலையாம். எனக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான்.

நேற்று தி. நகரில் நடந்த இரங்கல் கூட்டத்தில் அது இன்னும் ஏறியது. எங்கள் பம்புத் தொழிற்சாலையின் மானேஜர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, "அதிர்ந்து பேசாத அம்மையார்" என்றார். அடப் பாவி! வந்திருந்த உங்களில் யாருக்குத் தெரியாது வேதவல்லியின் குரல்?

ஒரு வருஷம் ஆர்டர்கள் தாமதமாயின. பம்பு பாகங்களில் துளை போடும் பிரிவினர் சோம்பேறிகள், வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார் மானேஜர். திட்டப் பிரிவிலிருந்த வேதவல்லி, "ஆளை அனுப்பறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்த்துடலாமே" என்றார். தொழிற்சாலை முழுவதையும் கணக்காக எழுதி, அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் படிக்கும் அட்டைகளில் துளைகளாகக் குத்தி, அடையாறு பக்கம் ஒரு கல்லூரிக் கம்ப்யூட்டரில் ஓட்டினால், ஒரு மாத வேலை சில நிமிஷங்களில் நடந்து முடியும். பம்பு எங்கே தேங்குகிறது என்பது தெரிந்துவிடும்.

"இன்னாம்மா, அட்டையில நானும் கீறேனா?" என்று கேட்டார் துளைப் பிரிவு மாரி.

"இருக்கேள். நீங்க சும்மா நிக்கற நேரமும் இருக்கு. ஏன் நிக்கறேள்னுதான் பார்க்கணும்."

இடையில் ஆயுத பூஜை வந்தது. லேத்துக்கும் டைப்ரைட்டருக்கும் பொட்டு வைத்த மானேஜர், பக்தி முற்றி, கல்லூரிக்குப் போகவிருந்த அட்டைக் கட்டுக்கும் நாலு பக்கமும் சந்தனத்தை அப்பிவிட்டார். காய்ந்ததும் அட்டைகள் ஒட்டிக்கொண்டன, இயந்திரத்தில் சிக்கிக் கிழிந்தன. "கம்ப்யூட்டரே கைவிரிச்சிடுச்சு" என்று டைரக்டர்களிடம் சொல்லி, ஆட்களை அனுப்பியேவிட்டார்.

வேதவல்லி விடவில்லை. எல்லா அட்டைகளையும் புதிதாகத் துளையிட்டு ஓட்டினார். பாகங்களைச் சூடாக்கும் உலை ஒன்றே ஒன்று. அதன் முன்னால் எல்லாம் குவிகிறது. துளை போடுகிறவர்கள் கைக்கு எதுவும் வருவதில்லை. அவ்வளவுதான் விஷயம்.

"ஒரு உலை வாங்கத் துப்பில்லாம ஆளை அனுப்பிட்டேளே! நாளைக்கே கூப்பிடுங்கோ!" என்று மானேஜர் அறையில் அவர் போட்ட சத்தம் கேட் வரை கேட்டது. புது உலை வந்தது. மானேஜருக்குப் பாராட்டும் வந்தது. ஆட்களை மட்டும் கூப்பிடவில்லை. வேதவல்லி அதற்குப் பிறகு ஒவ்வொரு மீட்டிங்கிலும் முதல் பேச்சாக அதையே கேட்டார். மாரி இன்றைக்கும் பட்டினப்பாக்கத்தில் மீன்கூடை தூக்குகிறார்.

நேற்று நான் எழுந்து கேட்டேன்: "உலை வந்துச்சே சார், ஆளுங்களை ஏன் கூப்பிடலை?"

"துக்க வீட்டுல பேசற பேச்சா இது?" என்றார் மானேஜர்.

வேதவல்லியிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது இந்தக் கேள்வி ஒன்றுதான். அடுத்த மீட்டிங்கிலும் கேட்பேன்.