துரை வேஷமும் நிலவுக்கால நண்டும்

எங்கள் வங்காலை மீனவர் சங்கத்துக்கு ஆங்கிலம் பேச ஓர் ஆள் தேவைப்பட்டபோது எல்லாரும் என்னையே காட்டினார்கள். காரணம், கோயில் திருநாள் நாடகத்தில் வருடாவருடம் வெள்ளைக்காரத் துரை நான்தான். தொப்பியும் பிரம்புமாக ஏறி, மனப்பாடம் செய்த நாலு வசனத்தை முழங்குவேன். கைதட்டல் பறக்கும். அந்த நாலுக்கு அப்பால் எனக்குத் தெரிந்த ஆங்கிலம் ஒரு நெத்தலியின் வயிற்றுக்குள் அடங்கிவிடும்.

நண்டு வாங்க வரப்போகிறவர் கொரியாக்காரர். எங்கள் நண்டு மனதுக்குப் பிடித்துப்போனால் கிழமைதோறும் வந்து எடுப்பார். இல்லாவிட்டால் அடுத்த கரைக்குப் போய்விடுவார். வாங்க ஆளில்லாமல் எங்கள் வள்ளங்களில் பாதி மணலில் கிடந்த காலம் அது.

"தமிழ் தெரிஞ்ச ஆள் ஒருத்தரும் அவரோட வரேல்லையோ?" என்று சங்கத் தலைவரைக் கேட்டேன்.

"அவருக்குத் தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது. எங்களுக்குக் கொரியா தெரியாது. நடுவில கிடக்கிறது இங்கிலீசுதான். நீர்தானே துரை?"

வீட்டில் மனைவி ஒன்றுதான் சொன்னாள்: "இஞ்சேருங்கோ, அந்தத் தொப்பியை மட்டும் போட்டுக்கொண்டு போகாதேங்கோ."

அவரைத் திருநாளன்று வரச்சொன்னது நாங்கள்தான். அன்று யாரும் தொழிலுக்குப் போகமாட்டோம், எல்லாரும் கரையில் நிற்போம் என்ற கெட்டித்தனம். அது முழுநிலவுப் பறுவம் கழிந்த மறுநாள் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. நிலவுக்காலத்தில் நண்டுக்குள் சதை இராது. எங்கள் வீடுகளில் அந்த நாட்களில் நண்டுக்கறியே இல்லை.

முந்தின நாள் பிடித்து ஐசில் வைத்திருந்த நண்டில் ஒன்றை அவர் உடைத்தார். தண்ணீர் வடிந்தது.

"நோ மீட்," என்று சொல்லிவிட்டு, தான் வந்த வேன் பக்கம் திரும்பினார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தேன். வந்தது துரையின் மேடை வசனம்:

"அரெஸ்ட் திஸ் மேன்!"

மனுசன் கைகளைப் பாதி உயர்த்தியபடி நின்றுவிட்டார். பழக்கதோஷத்தில் பின்னாலிருந்து யாரோ கைதட்டினான்.

மானம் போனது போகட்டும், ஆள் போகக்கூடாது. ஓடிப்போய் வேன் கதவை மறித்தேன். வானத்தைக் காட்டினேன்.

"மூன் பிக், கிராப் நோ மீட். மூன் நோ, கிராப் ஃபுல் மீட். யூ கம்!"

பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணமெல்லாம் கரையிலேயே நின்றுவிட்டது. நான் மட்டும் கடலில்.

அவர் நெற்றியைத் துடைத்தார். "மை இங்கிலீஷ்... ஸ்மால்," என்றார்.

அப்போதுதான் பார்த்தேன், என்னைவிட அவருக்குத்தான் வியர்த்துக்கொட்டியிருந்தது. இரண்டு பேரும் இங்கிலீசு என்ற இரவல் வள்ளத்தில் ஏறியவர்கள். கீறல் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் இரண்டு பேருமே துடுப்பைத் தொடவில்லை. உரிமைக்காரன் பக்கத்தில் இல்லை, பிறகென்ன பயம்? திரும்ப வானத்தைக் காட்டினேன். இரண்டு கைகளாலும் பெரிய வட்டம் போட்டேன், வெறும் நண்டோட்டைத் தட்டினேன். அவருக்கு விளங்கும்வரை விடுவதில்லை என்று நின்றேன்.

திடீரென்று அவர் முகம் மலர்ந்தது. "மை சீ... சேம்!" என்று நெஞ்சைத் தொட்டார். "டார்க். ஐ கம்."

அமாவாசைக்கு வந்தார். அன்று பிடித்த நண்டொன்றை உடைத்தார். ஓடு முட்ட வெள்ளைச் சதை.

"ஃபுல் மீட்," என்றார், அச்சொட்டாக என் உச்சரிப்பில்.

பிறகு இரண்டு கைகளையும் சேர்த்து என் முன்னால் நீட்டினார்.

"அரெஸ்ட்?"

"நோ," என்றேன். "எவ்ரி வீக் கம். மூன் பிக், நோ கம்."