வேண்டாம் என்ற அம்மாவை அனுப்பி வைத்த நாள்

டீச்சருக்கு வயது நாற்பத்தொன்பது. பள்ளி முடிக்கும் பிள்ளைகளுக்கு அடுத்து என்ன என்று வழி சொல்லும் வேலையில் பதினாறு ஆண்டுகள். பள்ளி மாடிப்படிக்கு அடியில் அவருக்கு ஒரு சிறிய அறை. கதவைத் திறந்தால் மேசையில் இடிக்கும்.

பெற்றோர் அவரை "அனுப்பி வைக்கிற டீச்சர்" என்கிறார்கள். பிள்ளை ஒரு வேலையை விரும்பி, வீட்டில் யாராவது மறித்தால், அந்த வேலை நடக்கும் இடத்துக்கு மறித்தவரையே ஒரு முழு நாள் அனுப்பிவிடுவார். போய்ப் பார்க்காமல் எதிர்க்கக் கூடாது என்பது நிபந்தனை. மகன் சமையல்காரனாவதா என்று தலையில் அடித்துக்கொண்ட அப்பா ஒருவர், ஓட்டல் சமையலறையில் வெங்காயம் உரித்துவிட்டு வந்து தனக்கு அங்கே இடம் கிடைக்குமா என்று விசாரித்திருக்கிறார்.

இந்த ஆண்டு ஒரு பெண் லிப்ட் மெக்கானிக் ஆக வேண்டும் என்று வந்தாள். குடியிருப்பில் லிப்ட் பழுதாகும்போதெல்லாம் மெக்கானிக்கின் பின்னால் நின்று, கேள்வி கேட்டே அவர் உயிரை வாங்கியவள். அம்மா மருத்துவமனையில் துப்புரவுப் பிரிவின் மேற்பார்வையாளர், கறாரானவர். மகள் கணக்கியல் படித்து அலுவலகத்தில் உட்கார வேண்டும் என்பது அவர் முடிவு. பயிற்சிப் பள்ளி விண்ணப்பத்தில் அவர் கையெழுத்து வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

செவ்வாய்க்கிழமை அம்மா பயிற்சிப் பள்ளியின் பட்டறைக்குப் போனார். மறுநாள் காலை மகளோடு டீச்சர் அறைக்கு வந்தார். உட்காரவில்லை. உயரம் பயமா, கிரீஸ் அழுக்கா என்று டீச்சர் வழக்கம்போல ஆரம்பித்தார். இரண்டும் இல்லையாம். மேலே ஏறும் முன் ஒவ்வொருவரும் பாதுகாப்புப் பட்டையை இழுத்துப் பார்ப்பது அவருக்குப் பிடித்தே இருந்தது. கையுறை போடுவதில் தன் ஆட்கள் அந்த அக்கறையில் பாதி காட்டினால் போதும் என்றார்.

"அப்புறம் என்னம்மா தடை?"

"அங்க பொண்ணுங்களுக்கு பாத்ரூம் இல்ல. நேத்து நான் தெருமுனை பெட்ரோல் பங்க் வரைக்கும் நடந்தேன். இவ வருஷம் முழுக்க நடப்பாளா?"

சமாளித்துக்கொள்வேன் என்றாள் மகள்.

"நீ சும்மா இருடி. சமாளிச்சு சமாளிச்சே எங்க காலம் போச்சு. டீச்சர், முன்னாடி அங்க பொண்ணுங்கள அனுப்பியிருக்கீங்களா?"

"ரெண்டு பேர். பாதியிலயே நின்னுட்டாங்க."

"ஏன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. வீட்டுச் சூழ்நிலையாக இருக்கும் என்று டீச்சரே நினைத்துக்கொண்டிருந்தார்.

அம்மா விண்ணப்பத்தை மகளிடமிருந்து வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டு, பயிற்சிப் பள்ளி முதல்வர் எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டார்.

மூவருமே போனார்கள். பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்றதும் முதல்வர் முதலில் சிரித்தார். பிறகு நிதி இல்லை என்றார். இதைச் செய்து தராவிட்டால் இனி எந்தப் பிள்ளையையும் இங்கே அனுப்பப்போவதில்லை என்று டீச்சர் சொன்னார். அவர் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. முதல்வர் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போய், உடைந்த பெஞ்சுகள் அடைத்திருந்த கழிப்பறை ஒன்றைத் திறந்து காட்டினார். வகுப்பு தொடங்குவதற்குள் காலி செய்து, குழாயும் தாழ்ப்பாளும் போட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டார்.

அம்மா ஜன்னல் திட்டில் விண்ணப்பத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். மகள் முகத்தைப் பார்த்துவிட்டு, "கையெழுத்துதான் போட்டிருக்கேன். இன்னும் சந்தோஷப்படல" என்றார்.

வகுப்பு அடுத்த மாதம் முதல் தேதி தொடங்குகிறது. அதற்கு முந்தின நாள் அம்மா லீவு போட்டிருக்கிறார், தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வர.