மிஷின் நாள் சாயந்திரம்

வேலூர்ல சாயந்திரம் ஆச்சின்னா ஊரே வேற மாரி ஆயிடும். ஆஸ்பத்திரி தெருவுல இந்தியிலயும் பெங்காலியிலயும் எழுதன போர்டுங்க பளபளன்னு எரியும். எங்கெங்கியோ இருந்து வைத்தியத்துக்கு வந்தவங்க பிளாஸ்கும் கையுமா டீக்கடையில நின்னுக்கினு இருப்பாங்க. அந்தக் கூட்டத்துலதான் நானும் எம் பொண்டாட்டியும் ஊர் சுத்துனோம். வயசான காலத்துல வந்த ஷோக்கு.

அவளுக்கு கிட்னி ரெண்டும் போய்ட்ச்சி. வாரத்துல மூணு நாளு ஆம்பூர்ல ரயிலேறி வந்து மிஷின்ல படுத்து ரத்தத்த சுத்தம் பண்ணிக்கணும். கவர்மெண்டு இன்சூரன்ஸ் கார்டு இருந்துச்சி, காசு கேக்கல. ஆனா ஊசி குத்தனா குத்தன கையி அசையாம கெடக்கணும். கொஞ்ச நாள்லயே பேஜாராய்ட்டா. "நா வரல, வோணும்னா நீ போய் படுத்துக்க"ன்னா. அப்பதான் ஆச காட்டுனேன். "வாமே, மிஷின் முடிஞ்சா ரயிலு வர்ற வரிக்கும் ஊர் சுத்தலாம்"னேன். அதுக்குத்தான் வந்தா.

சின்ன வயசுலயும் சுத்துனவங்கதான் நாங்க. நா தோல் பதம் பண்ற ஷாப்புல, அவ ஷூ கம்பெனியில தையலு. சம்பளம் வாங்கனா ஆம்பூர் பஸ்டாண்டாண்ட ஒரு டீ வாங்கி ரெண்டு கிளாசுல ஊத்திக்குவோம். எம் மேல அடிக்கிற தோல் நாத்தத்துக்கு ஒருத்தன் பக்கத்துல குந்த மாட்டான். "நமக்கு பெஞ்சு முழுசா ரிசர்வு"ம்பா. அப்பிடி சிரிப்பா.

வேலூர்லயும் அதே ஒன் பை டூதான். "லவ் ஜோடி வந்துட்ச்சா!"ன்னு டீ மாஸ்டர் தூரத்துலயே கத்துவான். "ஆமா, உனுக்கு இன்னா வயித்தெரிச்சல்?"னு இவ கேப்பா. இப்ப பாதி குடிக்கறது காசுக்காக மட்டும் இல்ல. தண்ணி, டீ, கொழம்பு எல்லாம் சேத்து ஒரு நாளிக்கி ஒரு சின்ன பாட்டிலு, அதுக்கு மேல ஒரு சொட்டு கூடாதுன்னு நர்சம்மா கண்டிஷனா சொல்லியிருந்தாங்க. ஜாஸ்தி குடிச்சா தண்ணி நெஞ்சுல ஏறிக்கும். தாகம் தாங்கலன்னா ஒரு ஐஸ் கட்டிய வாயில போட்டுக்கங்கன்னாங்க.

டீ முடிஞ்சா கோட்டை அகழியாண்ட போய் குந்துவோம். லைட்டு, ஐஸ்கிரீம் வண்டி, செல்போன்ல படம் புடிக்கிற புள்ளைங்க. எல்லாம் ஓசிதான. அப்பறம் அந்த கண்ணாடிக் கடை. காலேஜ் புள்ளைங்க குந்தி காபி குடிக்கிற ஏசி கடை. முத நாளு செருப்ப கழட்டிட்டு உள்ள போனேன். தொப்பி போட்ட பொண்ணு ஓடியாந்து, "தாத்தா, செருப்பு போட்டுக்கலாம்"னிச்சி.

"ஒரே ஒரு காபிம்மா. ஐஸ் மட்டும் தனியா கொஞ்சம் ஆயாக்கு."

ஐஸுக்கு காசு வாங்கல அது. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சற அந்த ஜில்லு காபி கசப்பு, பல்லெல்லாம் கூசும். "காசு குடுத்து கஷாயம் குடிக்கிறியே"ம்பா இவ. ஒரு ஐஸ் கட்டிய வாயில போட்டுக்கினு, கண்ண மூடிக்கினு, அது கரையற வரிக்கும் பேச மாட்டா. நானும் அவ மூஞ்சியவே பாத்துக்கினு குந்தியிருப்பேன். எழுந்துருன்னு யாரும் சொல்லல.

பத்து நாளைக்கி முன்ன கையி வீங்கிட்ச்சி. ஊசி எறங்கல. இனிமே கழுத்துல டியூப் போட்டுத்தான் மிஷினுன்னு டாக்டர் சொன்னாரு. அன்னிக்கி கண்ணாடிக் கடையில எங் காபிய இவ இழுத்து தம் பக்கம் வெச்சிக்கினா. ஸ்ட்ரா சொர்ரு சொர்ருன்னு சத்தம் போடற வரிக்கும் உறிஞ்சிட்டா.

"இன்னாமே பண்ற?"

"யோவ், அப்பிடி பாக்காத. முழு டம்ளர் குடிச்சி எவ்ளோ நாளாச்சி தெரியுமா?"

ரயில்ல எந் தோள்ல சாஞ்சிக்கினா. "நல்லா சுத்துனோம்யா. போதும். இனிமே மிஷினுக்கு கூப்பிடாத."

எவ்ளோவோ ஆச காட்டிப் பாத்தேன். சினிமான்னேன், பிரியாணின்னேன். சண்டையும் போட்டேன். செவுத்த பாத்துக்கினு திரும்பிக்குவா. என்னாண்ட காட்டறதுக்கு வேற இன்னா இருக்கு?

இன்னிக்கும் மிஷின் நாளுதான். காலு ரெண்டும் தலவாணி மாரி வீங்கி கெடக்குது. படுத்தா மூச்சு வரல, செவுத்துல சாஞ்சி குந்தியிருக்கா. சாயந்திரம் டீ கேட்டா. கடையில வாங்கியாந்து, பழக்க தோஷத்துல இன்னொரு கிளாஸ எடுத்தேன்.

"எனக்கு முழுசா குடுய்யா"ன்னா.

முழுசா குடுத்தேன். நாலு வாய் குடிச்சா. மூச்சு வாங்கிட்ச்சி. பாதிக்கு மேல அவளால முடியல. மீதிய நா குடிச்சேன்.